நன்கொடையை வட்டிக்குப் போட்டு வைக்கலாமா?

தொண்டு நிறுவனங்கள் நன்கொடையை உடனே செலவழிக்காமல் முதலீடு செய்து பெருக்க வேண்டும் என்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது கூட்டு வட்டியைத்தான். ஒரு லட்சத்தை 8% வட்டியில் போட்டால் 30 ஆண்டில் பத்து லட்சம், இன்று ஒரு பிள்ளைக்கு உதவுவதற்குப் பதில் அன்று பத்துப் பிள்ளைகளுக்கு உதவலாமே என்பார்கள். கணக்கு சரி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் அந்தப் பத்து சுமார் இரண்டாகச் சுருங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

எனக்கு இதில் உறுத்துவது, காத்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வராததுதான். பிறந்த முதல் இரண்டு ஆண்டில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ச்சி குன்றிய குழந்தைக்குப் பத்து வயதில் எவ்வளவு ஊட்டினாலும் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1790இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா ஆயிரம் பவுண்டு எழுதி வைத்தார். தொழில் பழகி முடித்த இளைஞர்களுக்கு அதை 5% வட்டிக்குக் கடனாகக் கொடுத்து 200 ஆண்டுகள் பெருக்க வேண்டும், நூறாவது ஆண்டில் ஒரு பகுதியைப் பொதுக் காரியங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1990இல் பாஸ்டன் பங்கு கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசானிடம் தங்கித் தொழில் பழகும் முறையே காலப்போக்கில் தேய்ந்து, கடன் கேட்டு வருகிறவர்கள் குறைந்து, பணம் யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களே இல்லாமல் போய்விட்டார்கள்.

சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் இதற்கு நேர் எதிர். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவினார், அந்தந்த ஊர் மக்களும் காசும் உழைப்பும் போட்டார்கள். தான் இறந்து 25 ஆண்டுக்குள் நிதி முழுவதையும் தீர்த்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்தார், 1948இல் அது தீர்ந்தும் போனது. அந்தப் பணத்தை அப்போது வங்கியில் போட்டிருந்தால் ஒரு தலைமுறை பள்ளியில்லாமல் வளர்ந்திருக்கும்.

அதற்காக மூலதனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு கொடுப்பார்கள், கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு செத்தாலும் குட்டிகளால் மந்தை குறையாது, நெய்யும் நிற்காது. தினமும் எரிய வேண்டிய விளக்குக்கு அதுதான் வழி. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியதும் இந்த வகைதான், அந்த வருமானத்தில் பேராசிரியர் பணி நிலைக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் வெள்ள நிவாரணம் என்று வாங்கியதை வைப்பு நிதியில் போடுவது கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம்.

நம் வருமான வரிச் சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. வரிவிலக்கு வேண்டுமென்றால் அறக்கட்டளையின் அந்த ஆண்டு வருமானத்தில் 85% அறப்பணிக்குச் செலவாக வேண்டும், சேர்த்து வைப்பதானால் எதற்கு என்று முன்கூட்டியே சொல்லி ஐந்தாண்டு வரை வைக்கலாம். முதலைத் தொடாமல் வைத்திருக்கும் மூலநிதியாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் கொடுத்தவரே அப்படிக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5% செலவழித்தால் போதும். எனக்கு நம் விதிதான் பிடித்திருக்கிறது.

அதனால் யாராவது நன்கொடை கேட்டு வந்தால், போன வருடம் வந்ததில் எவ்வளவு செலவானது, மீதி எதற்காக வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த 'எதற்காக'வுக்குப் பதில் வராத இடத்துக்கு நான் கொடுப்பதில்லை.