0.99 என்று வந்தால் ஆயிற்றா?

லேபுக்கு ரத்தம் சோதிக்கும் மெஷின், அதாவது அனலைசர், புதிதாக வந்தால் கூடவே ஒரு வரைபடமும் வந்துவிடும். ஒரு அச்சில் பழைய மெஷின், இன்னொன்றில் புதியது, புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு, மூலையில் ‘கோரிலேஷன் 0.99’. இரண்டு மெஷினின் எண்களும் எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண் அது, 1 என்றால் கச்சிதம். எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

மூன்று சாம்பிள் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.6, 1.2, 8.2. புதியதில் 0.4, 1.0, 8.0. கோரிலேஷன் கச்சிதமாக 1. ஆனால் ஒரு ரீடிங்காவது ஒத்துப்போகிறதா? டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த 0.2 ஒரு பொருட்டே இல்லை. 0.6 காட்டிய குழந்தைக்கோ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. இன்னொரு வேடிக்கை, கோரிலேஷன் 1-க்குக் குறைவாக இருந்தாலும், 8.0 மாதிரி நாலைந்து சாம்பிளைச் சேர்த்தாலே கோரிலேஷன் ஏறிக்கொள்ளும். மெஷின் என்னவோ அதே மெஷின்தான்.

எண்கள் நான் போட்டவை, சங்கதி நிஜம். கிரியாட்டினினை அளக்கும் பழைய வழியான ஜாஃபே முறையில் பிக்ரிக் அமிலம் கிரியாட்டினினோடு மட்டுமா நிறம் காட்டுகிறது? புரதம், கீட்டோனோடும் காட்டும். என்சைம் முறைக்கு மாறினால் ரீடிங் கொஞ்சம் இறங்குவது சகஜம். (1886-இல் வந்த வினை, இன்னும் ஓடுகிறது!)

கோரிலேஷனுக்குப் பதிலாக, பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் சொன்ன வழி எளிது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு ரீடிங்கின் சராசரி கிடை அச்சில், வித்தியாசம் செங்குத்து அச்சில். வித்தியாசங்களின் சராசரிக்கு ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும், திட்டவிலக்கத்தின் (வித்தியாசங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) 1.96 மடங்கு தள்ளி, இரண்டு கோடுகள். சுமார் 95 சதவீத வித்தியாசங்கள் அவற்றுக்குள் அடங்கும். அவர்கள் காட்டிய உதாரணத்தில் 17 பேர் மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் பெரிய மீட்டர், சின்ன மீட்டர் இரண்டிலும் ஊதினார்கள். கோரிலேஷன் 0.94, சராசரி வித்தியாசம் நிமிடத்துக்கு வெறும் 2.1 லிட்டர். எல்லைக் கோடுகளோ ஒரு பக்கம் ஏறக்குறைய 80, மறுபக்கம் 75 லிட்டர்! சராசரி வித்தியாசம் பூஜ்யமா என்று மட்டும் பார்க்கும் டி-டெஸ்ட்டைப் போட்டால் இது கண்ணிலேயே படாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அளவு ஏற ஏற வித்தியாசமும் விரிந்தால், வித்தியாசத்தைச் சதவீதமாக மாற்றிப் போட வேண்டும்.

எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பதை எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. அதை டாக்டரிடம் கேட்க வேண்டும், அதுவும் சாம்பிள் ஓட்டுவதற்கு முன்பே. வரைபடத்தைப் பார்த்த பிறகு கேட்டால், வந்த கோட்டுக்கு ஏற்றபடி மனசு வளைந்துகொடுக்கும்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு மெஷினிலும் இரண்டிரண்டு தடவை ஓட்டச் சொல்வேன். ரீஏஜென்ட் வீண் என்று முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. பழைய மெஷின் ஒரே சாம்பிளுக்குத் தன் முதல் ரீடிங்கோடே ஒத்துப்போகவில்லை என்றால், புதியது மட்டும் அதோடு எப்படி ஒத்துப்போகும்?