கறவை மாட்டுப் புரதப் பாடம்: நைட்ரஜன் போகும் வழியைப் பிடியுங்கள்

தீவனத்தில் புரத அளவு கூடினால், குறைந்தால் பசுவின் தீனியும் செரிமானமும் எப்படி மாறும் என்பது கால்நடை உணவியலில் அடிக்கடி வரும் பெரிய கேள்வி. சதவீதங்களை மட்டும் மனப்பாடம் செய்து போகாதீர்கள். புரதத்தில் உள்ள நைட்ரஜன் வாய்வழி நுழைந்து பாலிலோ சிறுநீரிலோ வெளியேறும் வரை ஒரே கோடாகப் படம் வரைந்து படித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது.

தீவனப் புரதத்தில் பெரும்பகுதியை முதலில் தின்பது மாடல்ல, ரூமன் எனும் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை அதை அம்மோனியாவாக உடைத்து, அந்த அம்மோனியாவைக் கொண்டே பெருகி, கடைசியில் தாங்களே சிறுகுடலில் மாட்டுக்குப் புரதமாகின்றன. இது பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. உலர்பொருளில், அதாவது ஈரத்தைக் கழித்த தீவனத்தில், கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் புரதம்) சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்களுக்கு அம்மோனியா போதாது, நார்ச்சத்து மெதுவாகத்தான் செரிக்கும், தின்ற வைக்கோல் வயிற்றிலேயே தங்கிவிடும், வயிறு காலியாகாமல் மாடு மேற்கொண்டு எப்படித் தின்னும்? தீனி குறைவதற்கான இந்தக் காரணத்தை வரிசை மாறாமல் எழுதுங்கள், பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

சரி, அதிகமானால்? நிறையப் பால் தரும் பசுவுக்குப் பொதுவாக 16 முதல் 18 சதவீதம் போதும். அதற்கு மேல் கொடுத்தால், அதுவும் மாவுச்சத்து போதாமல் இருந்தால், மிஞ்சும் அம்மோனியா ரத்தத்தில் கலந்து கல்லீரலில் யூரியாவாகிறது, அதற்கு ஆற்றலும் செலவாகிறது. யூரியாவில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகவும் ரூமன் சுவர் வழியாகவும் திரும்பி வருகிறது, மீதி சிறுநீரிலும் கொஞ்சம் பாலிலும் போகிறது. பாலின் யூரியா அளவைப் பார்த்துத் தீவனத்தைத் திருத்துவது இதனால்தான். ரூமனில் உடையாமல் தப்பும் பைபாஸ் புரதத்தைத் தனிக்கிளையாக வரையுங்கள், நேராகச் சிறுகுடலுக்கு.

கச்சாப் புரதம் கேட்கும் கணக்குக் கேள்விக்கு நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்குங்கள். 46 சதவீத நைட்ரஜன் உள்ள யூரியாவுக்கு 287.5 வரும், நூறைத் தாண்டிவிட்டதே என்று அடித்துவிட வேண்டாம், விடை சரிதான். கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை வைத்துப் போடும் கணக்கு, அவ்வளவு புரதம் அதில் இருக்கிறது என்று பொருளில்லை.