மூழ்காதவனின் நீர்மூழ்கிப் பணி

நீர்மூழ்கிக் கப்பலின் பாட்டரி அறைக்குள் யாரும் நடந்து போவதில்லை. வரிசை வரிசையாக நிற்கும் மின்கலங்களின் தலைக்கும் மேல்தளத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவே ஓர் ஆள் குப்புறப் படுத்து ஊரும் அளவுக்கே இடம் இருக்கும். மரப்பலகையில் மார்பை வைத்து, ஒரு கையில் விளக்கும் மறு கையில் ஹைட்ரோமீட்டருமாகக் கலம் கலமாக நகர வேண்டும். அமிலத்தின் அடர்த்தியைக் குறித்துக்கொண்டு, நீர் குறைந்த கலத்தில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, இணைப்புகளை இறுக்கி முடித்து வெளியே வரும்போது கழுத்து நிமிர மறுக்கும். நீர்மூழ்கிகளுக்குத் துணைநிற்கும் தாய்க்கப்பல் ஒன்றின் மின்பட்டறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கழிந்தது.

நீர்மூழ்கிகளின் வரலாறு என்றால் நீருக்கடியில் பாயும் டார்பிடோக் குண்டுகளையும் தளபதிகளையும் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அது மின்கலத்தின் வரலாறாகவே தெரிகிறது. 1900-இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய ‘ஹாலந்து’ நீர்மூழ்கி மேற்பரப்பில் பெட்ரோல் எஞ்சினாலும் நீருக்கடியில் மின்கலத்தாலும் ஓடியது. பின்னர் பெட்ரோலின் இடத்தை டீசல் பிடித்ததே தவிர, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ‘காட்டோ’ வகைக் கப்பல் ஒன்றில், இரண்டு அறைகளாகப் பிரித்து 252 கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒரு கலம் ஓர் ஆளின் மார்பளவு உயரம் இருக்கும். பழுதானால் அதைத் தூக்க கிரேன் வேண்டும். உள்ளே இவ்வளவையும் அடைத்துக்கொண்ட கப்பலில் கடைசல் இயந்திரத்துக்கோ வார்ப்படப் பட்டறைக்கோ ஏது இடம்? உதிரி டார்பிடோக்கள், அழுத்தக் காற்று, நல்ல தண்ணீர், துணி துவைக்கும் வசதி, கடலிலிருந்து திரும்பியவர்கள் காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில் என்று எல்லாவற்றையும் சுமக்க இன்னொரு கப்பல் தேவைப்பட்டது. அதற்குத் தாய்க்கப்பல் என்று பெயர் வைத்தவர் கட்டாயம் அதில் ஒருமுறையாவது சாப்பிட்டிருப்பார்.

தாய்க்கப்பலை நிறுத்தக் கடலில் இடம் கிடைக்காத ஜெர்மானியர்கள், துணைக் கப்பலையே நீருக்குள் இறக்கிப் பார்த்தார்கள். பதினான்காம் வகை நீர்மூழ்கிகளில் டார்பிடோக் குழாய்களே கிடையாது. அட்லாண்டிக் நடுவில் மற்ற நீர்மூழ்கிகளுக்கு எண்ணெயும் உணவும் கொடுப்பதே அவற்றின் வேலை. உள்ளே ரொட்டி சுடும் அடுப்புகூட இருந்தது. மாலுமிகள் அவற்றைக் கறவைப் பசு என்றார்கள். எண்ணெய் மாற்றுவதற்காக மேற்பரப்பில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்ததால் விமானங்களுக்கு அவை எளிதில் இரையாயின; கட்டப்பட்ட 10 கப்பல்களும் 1944-க்குள் மூழ்கடிக்கப்பட்டன.

பட்டறைக்காரனான எனக்கு அதைவிட நெருக்கமானது ‘கனோபஸ்’ என்ற அமெரிக்கத் தாய்க்கப்பலின் கதை. பிலிப்பைன்ஸில் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்கான பிறகும் அதன் ஆட்கள் பட்டறையை மூடவில்லை. கப்பலை ஒருபக்கமாகச் சாய வைத்து, ஆங்காங்கே புகை கிளப்பி, கைவிடப்பட்ட கப்பலைப்போல் பகலெல்லாம் நடிக்க விட்டார்கள். இருட்டியதும் கடைசல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும். 1942 ஏப்ரலில் அங்குள்ள பத்தான் தீபகற்பம் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது தங்கள் கையாலேயே அதை மூழ்கடித்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று, அலெக்சாண்டிரியாவிலிருந்து விலகிக்கொண்டிருந்த பிரிட்டனின் ‘மெட்வே’யை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. நீர்மூழ்கிகளைப் பராமரிப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் நீர்மூழ்கியாலேயே போனது. அதிலிருந்த டார்பிடோக்களில் பல கடலில் மிதந்து வந்ததால் மீட்டெடுக்கப்பட்டன. உதிரிப் பொருளின் அருமை தெரிந்தவர்கள் அந்த நிலையிலும் அவற்றை விடவில்லை.

எங்கள் வேலையில் குண்டு விழவில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில் கலங்களிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். கடல்நீர் உள்ளே புகுந்து அமிலத்தோடு கலந்தால் குளோரின் உண்டாகும். ஆகவே மோதிரம், கைக்கடிகாரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். கருவிகளை எண்ணி எடுத்துப் போய், எண்ணியே திருப்பித் தருவோம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒருநாள் மாலை என் கணக்கில் ஒரு ஸ்பேனர் குறைந்தது. மறுநாள் விடியலில் கப்பல் புறப்பட வேண்டும். இரண்டு கலங்களின் முனைகளுக்குக் குறுக்கே அது விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் மறுபடியும் ஊர்ந்து தேடினோம். இரவு பதினொரு மணிக்கு, என் மேலங்கிப் பையின் கிழிசல் வழியாக உட்துணிக்குள் இறங்கியிருந்த ஸ்பேனரை நானே தடவிக் கண்டுபிடித்தேன். எங்கள் மேற்பார்வையாளர் திட்டவில்லை. “பையைத் தைச்சிட்டு வந்து கையெழுத்துப் போடு தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் தைத்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலை என்று அன்று தோன்றியது.

1955 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாட்டிலஸ்’ நீர்மூழ்கி அணுசக்தியால் ஓடத் தொடங்கியதும் தாய்க்கப்பல்களின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். வேலை மாறியதே தவிர முடியவில்லை. ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் கடற்கழியில் 1961 முதல் 1992 வரை அமெரிக்கத் தாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டு ஏவுகணை நீர்மூழ்கிகளைக் கவனித்தன. பெரும்பாலான கடற்படைகள் பின்னர் கரைப் பட்டறைகளுக்கு மாறிக்கொண்டன. அது சிக்கனம்தான்; ஆனாலும் கரைப் பட்டறையை நங்கூரம் தூக்கி வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பது என் எண்ணம்.

இத்தனை ஆண்டுகளில் நான் நீருக்குள் போனது ஒரே ஒருமுறை. புதிய கலங்களைப் பொருத்திய பின் நடந்த சோதனை ஓட்டத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மூழ்குவதற்கான உத்தரவு வந்ததும் டீசல் எஞ்சின்கள் நின்றன. காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று அற்றுப்போய், விசிறிகளின் சன்னமான ஓசை மட்டும் கேட்டது. மற்றவர்கள் ஆழமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கலங்களின் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப்மீட்டரைப் பார்த்தேன். முள் மறுபக்கம் சாய்ந்து, அசையாமல் நின்றது.