போர்டெய்னும் எங்கள் குசினியும்

அமெரிக்கச் சமையல்காரரும் எழுத்தாளரும் தொலைக்காட்சியில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக் காட்டியவருமான அந்தனி போர்டெய்ன் இறந்தபோது பாரிஸ் குசினிகளில் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உலகத்துச் சமையல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள் என்ற மாதிரி அந்தக் கிழமை நிறையப் பேர் எழுதினார்கள். கோப்பை கழுவிவிட்டுக் கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓடுகிறவனுக்குப் புத்தகம் வாசிக்க எங்கே நேரம்? எனக்கே அவரைத் தெரியவந்தது எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பிரெஞ்சுப் பெடியனால்தான். அவனுடைய பையில் போர்டெய்ன் எழுதி 2000ஆம் ஆண்டு வந்த கிச்சன் கான்ஃபிடென்ஷியல் புத்தகம் எப்போதும் கிடக்கும், பக்கமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் வீட்டுக்கும் போக முடியாமல் வெட்டியாக நிற்கும் அந்த மூன்று மணித்தியாலத்தில், பின்பக்கப் படியில் உட்கார்ந்து எனக்கு அதை வாசித்துக் காட்டுவான்.

நல்ல மனிசன் என்று நான் முடிவு கட்டியது ஒரே ஒரு விஷயத்தை வைத்து. நியூயோர்க்கில் பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை என்று பெயர்ப்பலகை போட்டிருக்கிற இடத்தில் உண்மையில் சமைக்கிறவன் மெக்சிக்கோக்காரனும் எக்குவடோர்க்காரனும்தான் என்று அந்தாள் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். எழுதினதோடு விடவில்லை, தன்னோடு லெஸ் ஆல் என்ற கடையில் வேலை செய்தவர்களின் ஊரான பூவெப்லாவுக்கே போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டார். அவரும் தொடங்கினது கோப்பை கழுவித்தான், புரோவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில், கல்லூரி விடுமுறையில். இங்கே பாரிசில் வெங்காய சூப்பும் வாத்துக்காலும் நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிச் சாப்பிடுகிற வெள்ளைக்காரனுக்கு, அதைச் செய்தது புங்குடுதீவோ பருத்தித்துறையோ என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அதனால்தான் அந்தப் பக்கங்களைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

2018 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. செய்தி வந்தது மத்தியான வேலை நடுவில். அல்சாஸில், கைசெர்ஸ்பேர்க் என்ற சின்ன ஊரில், படப்பிடிப்புக்கு வந்து தங்கியிருந்த ஹோட்டலில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று. 61 வயது. நண்பரான எரிக் ரிப்பேர்தான் கண்டிருக்கிறார். எங்கள் பெடியன் போனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். ஓடர் மெஷின் துண்டு துண்டாகக் கக்கிக்கொண்டிருந்தது, அடுப்பில் நாலு சட்டி, அவன் முன்னால் வெட்டிப் பாதியில் விட்ட செலட். செஃப் வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் தட்டு பறக்கிற அளவுக்குக் கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. அவனுடைய இடத்துக்குத் தானே போய் மிச்சச் செலட்டைப் போட்டார், "வெளியில் போய் ஒரு சிகரெட் குடித்துவிட்டு வா" என்றார். இறைச்சிப் பக்கம் நின்ற எனக்கு இரண்டு தட்டு கருகிப்போனது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் தொடங்கியது விவாதம். பணம், பெயர், ஒபாமாவோடு ஹனோயில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நூடில்ஸ், வருசத்தில் பாதிக்கு மேல் ஊர் சுற்றல், இதுக்கெல்லாம் சம்பளம் வேறு. "எல்லாம் இருந்த மனுசன் தம்பி, பிறகு ஏன்?" என்று கோப்பை கழுவுகிற அண்ணை கேட்டார். அவருக்கு அறுபதை நெருங்குகிறது, இரண்டு தரம் இடம்பெயர்ந்து, காடு கடல் எல்லாம் தாண்டி வந்தவர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. செஃப்தான் மறித்தார். பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கதையில் பழைய காயம் உண்டு. 2003 பெப்ரவரியில் சோலியே என்ற பிரெஞ்சு ஊரில் பெர்னார் லுவாசோ என்ற மூன்று மிஷலின் நட்சத்திரச் செஃப் இதே மாதிரிப் போனார். சாப்பாட்டுக் கடைகளுக்குப் புள்ளி போடுகிற கோ மியோ வழிகாட்டி அவருடைய கடைக்கு 20க்கு 19 போட்டிருந்ததை 17 ஆக்கியது, அதுதான் கொன்றது என்று பெரிய செஃப்பான போல் பொக்கூஸே பகிரங்கமாகச் சாடினார். கடன்தான் காரணம் என்றது இன்னொரு கூட்டம், மனநோய் என்றது வேறொன்று. 2016இல் சுவிசில் பெனுவா வியோலியே என்ற செஃப்பும் அப்படியே போனார், அவருடைய கடையை உலகத்திலேயே முதலாவது என்று ஒரு பட்டியல் அறிவித்துச் சில கிழமைதான் ஆகியிருந்தது. "ஒவ்வொரு தரமும் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்ததும் எல்லோருக்கும் நிம்மதி" என்றார் செஃப். ஆள் பெரிய தத்துவக்காரர் இல்லை, ஆனால் இது சரியாகச் சொன்னார்.

போர்டெய்ன் விஷயத்தில் அந்தக் காரணம் ஒரு பெண்ணாகிப் போனது. அவருடைய காதலியான நடிகை ஆசியா ஆர்ஜென்தோவை ரசிகர்கள் கடித்துக் குதறினார்கள். எங்கள் பெடியனும் அதில் சேர்ந்துகொண்டான், அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவர் மேலுள்ள பாசத்தை உயிரோடிருக்கிற ஒருத்தியை அடிக்கப் பொல்லாக எடுப்பது என்ன நியாயம்? இன்னொரு பக்கம், பதினொரு வயது மகளை விட்டுப் போனவன் கோழை என்றார்கள். கிட்டத்தட்ட இருபது வருசமாக அந்தாளை வாசித்து, பார்த்து, சிரித்த அதே ஆட்கள். மனச்சோர்வு என்பது இருக்கிறதையும் இல்லாததையும் எண்ணிப் பார்த்து வருகிற வருத்தமில்லை, அது ஒரு நோய், ஒரே காரணத்தைப் பிடித்து அதை விளங்கப்படுத்த முடியாது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கே வருசங்கள் எடுத்தது.

குசினிக்காரன் என்ற முறையில் எனக்கு உறைத்தது வேறொன்று. அந்தப் புத்தகம் இளம் சமையல்காரர்களுக்கு வேதம் மாதிரி ஆனதற்கு ஒரு காரணம் அதில் இருந்த முரட்டுத்தனம்: கையில் சூட்டுக்காயம், போதை, தூசணம், தூக்கமில்லாமல் வேலை, இதெல்லாம் ஏதோ பதக்கம் மாதிரி. அவரே ஹெரோயினில் விழுந்து எழும்பியவர், அதை மறைக்கவுமில்லை. 2017 கடைசியில், சாப்பாட்டுத் துறையில் பெண்களுக்கு நடந்த கொடுமைகள் வெளியில் வந்தபோது, அந்த ஆண்திமிரைக் கொண்டாடி எழுதினதற்கு வருத்தப்பட்டு எழுதினார். அந்த வருத்தத்தைப் படித்தவர்கள் குறைவு, புத்தகத்தைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில். எங்கள் பெடியனும் காய்ச்சலோடு வேலைக்கு வந்து நிற்பான், கேட்டால் அந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவான். சுகமில்லை என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் எங்கள் தொழிலில் அந்தப் புத்தகத்துக்கு முன்னமே இருந்ததுதான். அவர் அதற்கு ஒரு கவர்ச்சி கொடுத்துவிட்டார், அவ்வளவு.

அண்ணைக்குப் போர்டெய்ன் யாரென்று காட்ட, அவர் யாழ்ப்பாணம் போன தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒரு நாள் போனில் போட்டுக் கொடுத்தேன். போர்டெய்ன் முதல் தரம் இலங்கைக்குப் போனபோது சண்டை, வடக்குப் பக்கம் போக முடியவில்லை. 2017இல் ஒளிபரப்பான நிகழ்ச்சிக்காகத் திரும்பவும் போய், கொழும்பில் ரயிலேறி யாழ்ப்பாணம் வரைக்கும் போயிருக்கிறார். அந்தப் பாதையே 2014இல்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. அண்ணைக்கு ரயில் மட்டும்தான் தேவையாயிருந்தது. அநுராதபுரம் தாண்டினதும் போனை என்னிடம் தராமல் தானே வைத்துக்கொண்டார், பாத்திரம் கழுவும் மெஷின் முடிந்து மணியடித்தும் எழும்பவில்லை. "வெள்ளையன் எங்கட ஆக்களை நல்லாக் கதைக்க விடுறான்" என்றார். அவர் கொடுத்த ஒரே சான்றிதழ் அதுதான். பிறகு நண்டுக்கறி பற்றி ஏதோ குறை சொன்னார், அது எங்கள் ஊர் வழக்கம், விடுங்கள்.

2021இல் போர்டெய்னைப் பற்றி ஆவணப்படம் வந்தபோது, அவருடைய குரலைக் கணினியில் செய்து, அவர் எழுதிய வரிகளை அவரே பேசுகிற மாதிரிப் போட்டார்கள் என்று திரும்பவும் சண்டை. பெடியன் அப்போது லியோனில் வேறு கடைக்குப் போய்விட்டான், எனக்குப் போன் எடுத்துத் திட்டினான். எனக்கும் அது பிடிக்கவில்லை.

அதே வருசம் ஒக்டோபரில் 3114 என்ற இலக்கத்தை அரசாங்கம் தொடங்கியது, தற்கொலை எண்ணம் வருகிறவர்கள் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். முதலாளி அதை அச்சடித்து, உடுப்பு மாற்றும் அறையில், தீயணைப்பு அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடிச்சா தமிழ் கதைப்பினமோ?" என்று கேட்டார். பிரெஞ்சில்தான் என்றேன். முப்பது வருசமாக இந்த நாட்டில் இருக்கிறார், அவருக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் சூடு, கூர்மை, கெதியாய், தட்டு, முடிந்தது. அந்தச் சொற்களை வைத்து மனதில் இருக்கிறதை எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்கு நல்ல பிரெஞ்சு தெரியும், ஆனால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு இதைக் கதைக்கிற தகப்பன் எங்கே இருக்கிறான்? ஊருக்குப் போன் எடுத்தால் அங்கே காசு பற்றித்தான் கதை வரும். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் நாலு சங்கம் நடத்துகிறோம், பொங்கலுக்கு மண்டபம் எடுக்கிறோம். ஒரு பின்னேரம் தமிழில் கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆளை இருத்த அவர்களால் முடியாதா என்று இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் யோசிப்போம் என்றார். மற்றவர், அப்படியெல்லாம் எங்கட ஆக்களுக்கு வாறதில்லை என்றார்.