எந்த வருஷம் வந்தீங்க?

"நாலு கோட்டிக்கு வேலை செய்யறேன் கண்ணு."

2014 செப்டம்பர் கடைசி. டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரமாக இருந்த மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில், என்ன வேலை செய்யறீங்க என்று நான் கேட்ட முதல் கேள்விக்கு வந்த பதில் இது. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். நாலு மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாரோ என்று நினைத்து, "சிரமமா இருக்காதா? ராத்திரியும் இருக்கணுமா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். இந்தியில் பங்களாவுக்குக் கோட்டி என்று பெயர், டெல்லித் தமிழில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது என்று தெரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ சொல்றதும் தப்பில்ல. ரெண்டு வீட்டுல அப்படித்தான் இருக்கு."

நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்திருந்தேன். இடம்பெயர்ந்து வந்த வீட்டுப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வு. தமிழ் தெரியும் என்பதால் என்னை இங்கே அனுப்பினார்கள். சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து முப்பது நாற்பது வருஷமாக இருந்தவர்கள்தான் பெரும்பாலும். பெண்கள் நிஜாமுதீன், டிஃபன்ஸ் காலனி, லாஜ்பத் நகர் வீடுகளுக்கு நடந்தே போய்விடுவார்கள். ஜாடு என்றால் பெருக்குவது, போச்சா என்றால் தரை துடைப்பது, அப்புறம் பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்.

தமிழ் தெரியும் என்ற தெம்பு முதல் நாளே காலை வாரியது. "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டால் பலர் "வீட்டு வேலைதான்" என்றார்கள். எங்கள் படிவத்தில் அரசின் தேசிய மாதிரி ஆய்வு எண்களையே வைத்திருந்தோம். சொந்த வீட்டுக் காரியம் மட்டும் பார்ப்பவர் 92, மாதச் சம்பளத்துக்குப் போகிறவர் 31. நான் மூன்று பேருக்கு 92 போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் படிவங்களைப் புரட்டிய மூத்த சகா, "யார் வீட்டு வேலைன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. மறுநாள் திரும்பப் போனேன். மூன்று பேரும் மூன்று நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர்கள். என் பேனாவில் ஒரே நாளில் வேலையில்லாதவர்களாகியிருந்தார்கள்.

31 என்று திருத்திய பிறகும் திருப்தி இல்லை. அது அமைச்சகத்து அதிகாரிக்கும் போடுகிற எண். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் வேலை போய்விடுகிற, சம்பளச் சீட்டையே பார்த்திராத பெண்ணுக்கும் அதே எண். சரி, எண் என்றால் அப்படித்தான் இருக்கும்.

"ஏன் வந்தீங்க?" என்பதும் இதே கதை. ஒரே காரணத்தைத்தான் குறிக்க முடியும். பெண்கள் "கல்யாணம்" என்பார்கள், குறித்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பெண்கள் இடம்பெயர்வதற்குக் கல்யாணமே முதல் காரணமாக வருகிறது. ஆனால் ஒரு பெண் சொன்னார்: ஊரில் தாலி கட்டி ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்து பத்தாம் நாள், மாமியார் தன்னுடைய இரண்டு கோட்டிகளை அவர் கையில் கொடுத்துவிட்டாராம். நகை போடுகிற மாதிரி. இதில் எது கல்யாணம், எது வேலை?

இவையெல்லாம் படிவத்தைத் திருத்தினால் சரியாகிற கோளாறுகள். என்னைத் திணறடித்தது, இருப்பதிலேயே சாதுவானது என்று நான் நினைத்திருந்த கேள்வி. எந்த வருஷம் டெல்லிக்கு வந்தீங்க?

எல்லோரும் எண்பத்தொன்பது என்றார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் அள்ளி அள்ளி வந்தது. எங்கள் படிவங்களை நம்பினால், அந்த வருஷம் சேலத்திலிருந்து ஒரு ரயில் நிறைய ஆட்கள் நேராக நிஜாமுதீனில் இறங்கியிருக்க வேண்டும். ஆபீஸில், "நீயே உட்கார்ந்து நிரப்பினாயா?" என்று கேட்காத குறை.

விஷயம் விளங்கியது ஒரு கிழவியின் தகரப் பெட்டியால். பிளாஸ்டிக் காகிதத்துக்குள் இன்னொரு பிளாஸ்டிக் காகிதம், அதற்குள் ஒரு டோக்கன். 1990ல் வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது டெல்லிக் குடிசைகளை எண்ணிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த வருஷம் ஒரு கோடாகவே ஆகிவிட்டது. பிறகு வந்த மறுகுடியமர்த்தல் விதியில் 1990 ஜனவரி 31க்கு முன்னால் வந்தவர்களுக்கு 18 சதுர மீட்டர் மனை, அதற்கப்புறம் 1998 முடிய வந்தவர்களுக்கு 12.5. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. குடிசையை இடிக்கும்போது எந்த வருஷம் வந்தீர்கள் என்று யாரோ கேட்பார்கள், பதிலைப் பொறுத்து மனை கிடைக்கும் அல்லது தெருவில் நிற்கலாம். இது கேம்ப்பில் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. முதுகலைப் படிப்பு முடித்த எனக்குத் தெரியவில்லை. கையில் பேப்பரோடு ஒருத்தி வந்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? நானாக இருந்தாலும் எண்பத்தொன்பது என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்களிடம் இதற்கும் ஒரு கைவேலை உண்டு. வருஷத்தை நேராகக் கேட்காமல் சம்பவத்தை வைத்துப் பிடிப்பது. ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடந்தப்ப இங்கே இருந்தீங்களா? இந்திரா காந்தி செத்தப்ப? எம்.ஜி.ஆர். செத்த சேதி எங்கே கேட்டீங்க? 82, 84, 87. ஞாபகம் பொய் சொல்லாது என்பது நம்பிக்கை.

கோட்டி அம்மாளிடமும் இதை வைத்துப் பார்த்தேன். அவரும் எண்பத்தொன்பது என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது, "ராஜீவ் காந்தி செத்தப்ப மூத்தவன் வயித்துல எட்டு மாசம். பஸ்ஸே ஓடல. எங்கம்மா பயந்து போச்சு" என்றார். எங்கே இருந்தீங்க என்றேன். "ஊர்லதான்." பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். 1991 மே மாதம் ஊரில் இருந்தால் எப்படி 89ல் டெல்லிக்கு வந்திருக்க முடியும்? 89ஐ அடித்து 91 என்று எழுதினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சின்ன மகள், லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவள், தலைகீழாகவே படித்துவிட்டாள். "அம்மா, இந்த அக்கா தொண்ணூத்தொண்ணுன்னு எழுதறாங்க."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக மாட்டாங்களா கண்ணு? உங்க ஊர்ல ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைச்சிட்டுப் போறதில்லையா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் அக்காவை அப்படி அழைத்துவந்தது என் ஞாபகத்தில் இருக்கிறது. எங்கள் விதிப்படியேகூட, ஓரிடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால்தான் அது வசிப்பிடம், பிரசவத்துக்குப் போய் மூன்று நான்கு மாதம் இருந்துவிட்டு வருவது கணக்கில் வராது. 91ஐ அடித்து மறுபடி 89 என்று எழுதினேன். அவர் உண்மையைத்தான் சொன்னாரா, அந்தக் கணத்தில் மடக்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆபீஸில் அந்தப் படிவத்தில் மட்டும் ஏன் இத்தனை அடித்தல் திருத்தல் என்று கேட்டார்கள். என் கவனக்குறைவு என்று சொன்னேன். அது உண்மைதான்.

கிளம்பும் முன் ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டினேன். உங்கள் பெயர் எங்கும் வெளிவராது. பெயர் இருக்கும் முதல் பக்கத்தைக் கிழித்துத் தனியாகப் பூட்டி வைப்போம், ஐந்து வருஷத்தில் அழித்துவிடுவோம். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. தாளின் கீழ்ப்பாதியைக் கிழித்து அவர்களிடம் கொடுத்தேன். அதில் ஆய்வின் தலைப்பும் என் பெயரும் என் போன் நம்பரும் இருந்தன.

2025 ஜூன் 1 அன்று மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. நாலாவை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நீதிமன்ற உத்தரவு. சுமார் 370 வீடுகள். தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு. ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு டிஃபன்ஸ் காலனியில் பாத்திரம் தேய்க்கிறவர் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது?

அதற்குச் சில நாள் முன்னால் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, ஞாபகம் இருக்கா? 91ன்னு எழுதி, அப்புறம் அடிச்சீங்களே."

குரல் வளர்ந்திருந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் இப்போது வேலைக்குப் போகிறாளாம். விதியில் கோடு நகர்ந்திருந்தது. 2015ல் வந்த கொள்கைப்படி 2015 ஜனவரி 1க்கு முன்னால் இருந்த குடிசையாக இருந்தால் போதும். 89ஆ 91ஆ என்பதை இனி யாரும் கேட்கப்போவதில்லை. அம்மாவுக்கு வீடு வந்துவிட்டது. மாடி ரூமில் மனைவியோடு தனியாக இருந்த அண்ணனுக்குப் பட்டியலில் பெயர் இல்லை. அந்தத் தேதிக்கு முன்னால் அவன் அங்கே தனிக் குடும்பமாக இருந்தான் என்று காட்டப் பேப்பர் இல்லை.

"நீங்க அப்ப எழுதினீங்கல்ல அக்கா? மேல் ரூமுல மூத்தவன், அவன் பொண்டாட்டின்னு. 2014. நான்தான் பார்த்தேனே. அந்தப் பேப்பர் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?"

முதல் பக்கத்தை அப்போதே கிழித்துவிட்டோம், 2019ல் அழித்தும்விட்டோம் என்றேன். கிடைத்தாலும் அதை அதிகாரிகள் ஏற்பார்களா என்பது சந்தேகம்தான் என்று இழுத்தேன்.

"ஏன் அழிச்சீங்க?"

சொன்னேன். அன்று ஒப்புதல் தாளில் வாசித்துக் காட்டிய அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன்.

"சரி அக்கா" என்றாள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "யாரு, அந்தத் திருநெல்வேலிப் பொண்ணா? என்ன சொல்லுது?"

"இல்லையாம்மா."