லைசிமீட்டரில் லீச்சேட்டைத் திரும்ப விட்ட கதை

எம்.இ. புராஜெக்டுக்கு லீச்சேட் மறுசுழற்சியை, அதாவது குப்பையிலிருந்து வடியும் கழிவுநீரைத் திரும்பக் குப்பை மேலேயே விடுவதை, எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைவா முடிந்துவிட்டது, எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

முதல் தொல்லை, குப்பை கிடைப்பது. மண்டல அலுவலக கிளார்க், "குப்பைக்கு எதுக்குங்க லெட்டர்? போய் அள்ளிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். கிடங்கு வாசல் செக்யூரிட்டியோ, "லெட்டர் இல்லாம ஒரு கவர்கூட வெளியே போகாது" என்றார். துறைத் தலைவரின் சீல், தபால் பிரிவில் வாங்கிக்கொண்டதற்கான முத்திரை, வண்டி எண், இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

லைசிமீட்டர் என்றால் குப்பையை நிரப்பி, வடிவதைப் பிடிக்கும் சோதனைக் கலன்தான்: ஆளுயர பிவிசி குழாய், அடியில் ஜல்லி, மேலிருந்து விட ஒரு சின்ன பம்பு. இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

அப்புறம்தான் புளிப்பு. நம் ஊர்க் குப்பையில் சோறும் காய்கறியும் அதிகம், சீக்கிரம் அமிலமாகிவிடும். குப்பையைச் சிதைத்து மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கோ பி.எச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். துறையில் இருந்த பழைய ஆய்வேட்டைக் காட்டி, வடிந்ததை முழுக்க தினமும் மேலே விடச் சொன்னார்கள். அமிலத்தின் மேலேயே அமிலத்தை ஊற்றினால் வேறென்ன ஆகும்? பி.எச். 5.5-லேயே உட்கார்ந்துகொண்டது. நாற்றம் தாங்காமல் பக்கத்து லேபிலிருந்து புகார் போய், குழாயை சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். சோடியம் பைகார்பனேட் கலந்து பி.எச்.-ஐ ஏற்றி, அந்த நுண்ணுயிரிகளுக்காக சாண எரிவாயுக் கலனின் கழிவைக் கொஞ்சம் சேர்த்து, விடும் அளவையும் குறைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. வாயு பாட்டிலில் முதல் குமிழி வந்த அன்று லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு டீயும் பஜ்ஜியும் என் செலவு.

சி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்ப்பவர்கள் கவனிக்க: லீச்சேட்டில் குளோரைடு அதிகம், மெர்குரிக் சல்பேட் போடாவிட்டால் அளவு பொய்யாக ஏறும். அதே சோதனைக்கு வேண்டிய சில்வர் சல்பேட் விலை கூடுதல், ஸ்டோரில் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) பிடித்துக்கொண்டது அம்மோனியாவை. சி.ஓ.டி. சரிந்த பிறகும் அது குறையவில்லை. காற்றில்லாத குப்பைக்குள் அது போக வழி கிடையாது. வெளியே காற்றூட்டி நைட்ரேட்டாக்கித் திரும்ப விட்டால்தான் உள்ளே நைட்ரஜன் வாயுவாகப் பிரியும். லீச்சேட்டை விட்டால் குப்பை மேடு சரியாமல் தாங்குமா என்றும் கேட்பார்கள். 1997-ல் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் டோன்யா ஹுவானா குப்பைக் கிடங்கு சரிந்ததற்கு, லீச்சேட்டை உள்ளே செலுத்தியதால் ஏறிய நீரழுத்தம்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, "சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கில் செய்யலாமா?" என்றார். அடியில் விரிப்பே போடாத இடம் சார், மேலே விடுவதெல்லாம் பள்ளிக்கரணை சதுப்புக்குத்தான் இறங்கும் என்றேன். அந்தப் பதிலுக்கு மட்டும் தலையாட்டினார்.