மூன்றாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து

"ஆன்ட்டி, எல்லாத்துக்கும் 'நோ' போட்டுக் கொடுத்துடுங்க. யாரு பார்க்கப் போறா?"

ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், டைவிங் மையத்தின் முன்மேசையில் இருந்த பையன் மருத்துவப் படிவத்தை நீட்டிச் சொன்னது இது. போர்ட் பிளேர் தமிழ்ப் பையன். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு வயது 54. மூன்று வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். அப்பா 47 வயதில், கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் பயிற்சிக்கு முன் நிரப்பும் அந்தப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனிக் கட்டம் ஒன்று இருக்கிறது. புகைப்பழக்கம் உண்டா, கொலஸ்ட்ரால் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, நெருங்கிய ரத்த உறவில் யாராவது 50 வயதுக்கு முன் திடீரென்றோ இதய நோயாலோ இறந்திருக்கிறார்களா என்று கேட்கும். அந்தக் கடைசிக் கேள்விக்கு நேராக 'இல்லை' என்று போட எனக்குக் கை வரவில்லை.

'ஆம்' போட்டேன். உள்ளேயிருந்து வந்த பயிற்சியாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார். நான் சும்மா போகவில்லை. சென்னையில் எங்கள் தெரு டாக்டரிடம் அவருடைய லெட்டர்ஹெட்டில் 'உடல்தகுதி உள்ளவர்' என்று எழுதி, சீல் வைத்து வாங்கிப் போயிருந்தேன். அது செல்லாது என்றார்கள். அந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே, 'அனுமதி' என்ற கட்டத்தில் குறி போட்டு டாக்டர் கையெழுத்திட வேண்டும். தீவில் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட யாரும் கிடைக்கவில்லை. கட்டிய முன்பணத்தில் பாதி போயிற்று. கூட வந்த அண்ணன் மகள் பயிற்சியை முடித்தாள். நான் நான்கு நாளும் கரையில் உட்கார்ந்திருந்தேன். அவளும் என் அப்பாவின் பேத்திதான். ஆனால் வயது 45-க்குக் கீழே என்றால் அந்தக் கட்டத்துக்கே போக வேண்டியதில்லை. "அத்தை, என் படிவம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது" என்று அவள் சங்கடத்தோடு சொன்னாள்.

கிளம்புவதற்கு முன்பே மையத்திடம் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் படித்திருந்தால் விமான டிக்கெட் காசு மிஞ்சியிருக்கும்.

ஊருக்கு வந்ததும் டாக்டர் வேட்டை. லெட்டர்ஹெட் கொடுத்தவர், படிவத்தைப் பார்த்ததும் "இது என் வேலை இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் படிவத்தைப் படிக்கவே இல்லை. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? பேரப்பிள்ளையோட விளையாடுங்க" என்றார். அதற்கு 600 ரூபாய் ஃபீஸ். ஸ்கூபாவுக்குக் கீழ் வயது வரம்புதான் உண்டு, பத்து வயது. மேல் வரம்பு கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாவதாகப் போன இதய மருத்துவர்தான் உட்கார வைத்துப் பேசினார். டாக்டர்களுக்கான வழிகாட்டுதல் எங்கே கிடைக்கும் என்று அந்தப் படிவத்திலேயே போட்டிருக்கிறது. 'அண்டர்சீ அண்ட் ஹைபர்பேரிக் மெடிக்கல் சொசைட்டி' என்ற கடலடி மருத்துவச் சங்கத்தின் இணையதளம் அது. அவர் அதைத் திறந்து படித்தார். முதலில் மாத்திரையின் பெயரைக் கேட்டார். அம்லோடிபின் என்றதும் தலையாட்டினார். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையாக இருந்தால், உழைப்பு கூடும்போது இதயத் துடிப்பு தேவைக்கு ஏற்ப ஏறவிடாது. அதை வைத்துத் தனியாக யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாலே கால்களில் இருக்கும் ரத்தம் அரை லிட்டருக்கும் மேல் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், இதயத்துக்கு அதுவே கூடுதல் சுமை, அதற்கு மேல் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டியும் வரலாம் என்று விளக்கினார். வயதான டைவர்களின் சாவுக்கு இதயம் ஒரு பெரிய காரணமாக இருக்கிறதாம். அப்பாவைப் பற்றி அவர் கேட்டபோது, அந்தக் கேள்வியை ஏன் படிவத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

டிரெட்மில் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அங்கே இன்னொரு குளறுபடி. டெஸ்ட் எடுத்த பரிசோதனை நிலையத்தில், 220-லிருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதம் என்று கணக்கு. எனக்கு 141 வர வேண்டும். துடிப்பு 141-ஐத் தொட்டதும் டெக்னீஷியன் மெஷினை நிறுத்திவிட்டார். ஆறரை நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கு மூச்சும் வாங்கவில்லை. "நெகட்டிவ் மேடம், நார்மல்" என்றார். ஆனால் டாக்டருக்குத் தேவைப்பட்டது வெறும் நெகட்டிவ் இல்லை. நான் எவ்வளவு உழைப்பு தாங்குவேன் என்ற அளவு. அதை 'மெட்' கணக்கில் சொல்வார்கள். புரூஸ் முறை என்ற இந்த டிரெட்மில் டெஸ்டில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும். ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் ஏறக்குறைய 10 மெட். பாதியில் நிறுத்தியதால் என் ரிப்போர்ட்டில் ஏழு சொச்சம்தான் இருந்தது. மறுபடியும் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

அதனால் டெஸ்டுக்குப் போகிறவர்கள் மெஷினில் ஏறும் முன்பே, "முடிகிற வரைக்கும் ஓட்டுங்க, எவ்வளவு மெட்டுன்னு தெரியணும்" என்று சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. ஷூ போட்டுப் போங்கள்.

இரண்டாவது டெஸ்டுக்கு முன் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். காலையில் மேம்பாலத்தில் வேகமாக ஏறி இறங்கினேன். 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்க முடியுமா என்று படிவம் கேட்கிறது. முதல் வாரம் எனக்கு 17 ஆனது. சாயங்காலம் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான அந்த ஒரு மணி நேரம். பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்கு கிடையாது; அப்புறம் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். மிதப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் டெஸ்டில் பத்து நிமிடம் இருபது விநாடி. டாக்டர் எக்கோ என்ற இதய ஸ்கேனும் பார்த்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கிளினிக் வாசலிலேயே நின்று அண்ணன் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஏப்ரலில் மறுபடி ஹேவ்லாக். இந்த முறை வேறு மையம். படிவத்தைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பயிற்சி நல்லபடியாக முடிந்தது. நான்கு டைவ், கடைசியில் 17 மீட்டர் ஆழம்.

என் வயதுக்காரர்களுக்கு மட்டும் சில விஷயங்கள். சிலிண்டர், ஜாக்கெட், ஈயக்கட்டி எல்லாம் சேர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல். அதோடு படகு ஏணியில் ஏறாதீர்கள். தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்தால் படகுக்காரர்கள் தூக்கிக்கொள்வார்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் ஏறி, எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. படகில் பாத்ரூம் இல்லையே என்று நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். உடம்பில் நீர் குறைந்தால் டைவிங்கில் ஆபத்து கூடும், குடித்துவிட்டே வாருங்கள். சளி பிடித்திருந்தால் இறங்க வேண்டாம், காது அடைப்பு விடாது. கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அதற்காகவே போர்ட் பிளேரில் ஒரு இரவு தங்கினேன்.

இப்போது தம்பிக்கும் ஆசை வந்திருக்கிறது. அவனுக்கு 49. அவனும் அந்தக் கேள்விக்கு 'ஆம்'தான் போட வேண்டும். படிவத்தின் மூன்று பக்கத்தையும் அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை அவனுக்கு டிரெட்மில். டெக்னீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நேற்று ராத்திரி போனில் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.